ஸ்டெம் செல் சிகிச்சை (நாட்பட்ட வலி, களைப்பு நோய்களில்)

மூட்டுத் தேய்மானம், முதுகெலும்புத் தட்டு வலி போன்றவற்றுக்கு, நோயாளியிடமிருந்தோ கொடையாளரிடமிருந்தோ எடுத்த உயிரணுக்களை வலியுள்ள இடத்தில் ஊசி வழியே செலுத்தும் முறை. எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலுள்ள மீசன்கைமல் அணுக்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. மஜ்ஜையில் இவ்வகை அணுக்கள் உண்டென்பதை 1960களில் சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃப்ரீடென்ஸ்டீனின் ஆய்வுகள் காட்டத் தொடங்கின.

இடுப்பெலும்பின் பின்விளிம்பை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி, சுழற்றுக் கருவியில் செறிவாக்கி, அன்றே முழங்காலில் போடுவது இதன் எளிய வடிவம். போட்ட அணுக்கள் புதுக் குருத்தெலும்பாக வளர்ந்துவிடும் என்பது விளம்பரப் பேச்சு. அவற்றில் பெரும்பாலானவை சில காலத்தில் மறைந்துவிடுகின்றன. அதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன என்பதே இன்றைய கருத்து.

2023இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, முழங்கால் தேய்மானம் உள்ள சுமார் 475 பேரிடம் மேற்சொன்ன மூவகை அணுக்களையும் விலை மலிவான ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் வலியைக் குறைப்பதில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. ஊசி போட்டுக்கொண்டதாலேயே வலி குறைந்ததாக உணர்வதும் உண்டு; ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வுகளை நம்ப முடியாதது இதனால்தான்.

ஃபைப்ரோமயால்ஜியா, நாட்பட்ட களைப்பு நோய் ஆகியவற்றில் சான்று இன்னும் மெலிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுநெறிகளின்படி, ஏற்கப்பட்ட பயன்பாடுகளுக்கு வெளியே இச்சிகிச்சையை மருத்துவச் சோதனையாக மட்டுமே தரலாம். அதில் சேர்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.