உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி: உழைப்பாளிகள் எழுப்பிய கல்விக்கூடம்

சிங்கப்பூரில் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே சென்று தமிழ் படிக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயருக்குப் பின்னால், 1946 முதல் 1982 வரை 36 ஆண்டுகள் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாறு இருக்கிறது. அதை நம் பொன்விழா மலரில் பதிவு செய்வது பொருத்தமாகும்.

குடும்பத்தோடு வந்தவர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர் கடையநல்லூர். தறியும் நெசவும் அவ்வூர் மக்களின் வாழ்வு. தறித்தொழில் சோறு போடாத காலத்தில் அவர்கள் கப்பலேறினார்கள். அந்நாளில் இங்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசி மக்களோ குடும்பத்தோடு வந்து, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். ஆண்கள் கூலி வேலைக்கும் சிறு வியாபாரத்திற்கும் சென்றார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். மேக்ஸ்வெல் சாலைக்கு அருகில் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது.

பள்ளிக்கூடம் பிறந்த காரணமும் இந்தக் குடும்ப வாழ்வுதான். தனியாக வந்த ஆணுக்குத் தங்க ஓர் இடமும், ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வழியும் இருந்தால் போதும். பிள்ளைகளோடு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

போருக்குப் பின்

சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மூன்றரை ஆண்டுகள் பசியும் அச்சமுமாகக் கழிந்தன. பிள்ளைகளின் படிப்பும் பாழானது. 1945 செப்டம்பரில் ஆக்கிரமிப்பு முடிந்தது. மறு ஆண்டே, 1946-இல், லீக் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. அரிசிக்கே திண்டாடிய நாள்களில் ஓர் உழைப்பாளிச் சமுதாயம் பள்ளிக்கூடத்தைப் பற்றி நினைத்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பெயரின் பொருத்தம்

பள்ளிக்கு அவர்கள் தேர்ந்த பெயரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உமறுப்புலவர் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், எட்டயபுரத்துப் புலவர். நபிகள் நாயகத்தின் வாழ்வை 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடினார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர், அவர் இந்து. சீறாப்புராணம் பாட ஆதரவு தந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. தமிழும் இஸ்லாமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. பள்ளியை நடத்தியது முஸ்லிம் அமைப்பு. கல்வியோ தமிழர் அனைவருக்கும் பொதுவானது.

உயர்நிலைக் கல்வி

அக்காலத்துத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கநிலையோடு நின்றன. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழில் மேலே படிக்க வழியில்லை. 1956-ஆம் ஆண்டின் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960-இல் உமறுப்புலவர் பள்ளி உயர்நிலைக் கல்வியைத் தொடங்கியது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். மற்றத் தமிழ்ப்பள்ளிகளில் தொடக்கநிலை முடித்தவர்களுக்கும் அதுவே அடுத்த படியாயிற்று.

மாணவர் குறைந்த காலம்

அந்த ஏணிக்கு அதற்கு மேல் படியில்லை. சீனமொழியில் படித்தவர்களுக்கு நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. தமிழ்வழிப் பல்கலைக்கழகம் இங்கு எழவில்லை. வேலைவாய்ப்பு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. பிரிட்டிஷ் படைகள் 1971-இல் வெளியேறியபோது படைத்தளங்களை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. தஞ்சோங் பகாரில் கூடி வாழ்ந்தவர்களும் தீவெங்கும் எழுந்த வீவக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பள்ளியைச் சுற்றி இருந்த ஊர் கலைந்தது.

பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரைக் குறை சொல்வது நியாயமாகாது. தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படக்கூடாது என்று எண்ணியவர்கள் அவர்கள். இருமொழிக் கொள்கையின்கீழ் ஆங்கிலப் பள்ளியிலும் தமிழ் படிக்கலாம் என்ற நிலை இருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, 1982-இல் பள்ளி மூடப்பட்டது. அத்துடன் சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வியின் காலமும் முடிந்தது. 1983-இல் கல்வி அமைச்சின் தமிழ் மொழி நிலையத்திற்கு உமறுப்புலவர் பெயர் சூட்டப்பட்டது. பள்ளி மறைந்தாலும் பெயர் நிலைத்தது.

நம் பங்கு

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழியாகத் தமிழைக் குறிப்பிட்டனர். 2020-இல் அது 29.2 விழுக்காடாகக் குறைந்தது. இன்று தமிழ் படிக்க வகுப்பறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பாடநூல் இருக்கிறது. 1946-இல் இவை எதுவும் எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் இருந்தது. அம்மியடியில் அமர்ந்து தாய் பேசிய தமிழோடுதான் பிள்ளை பள்ளிக்குப் போனது.

அந்தத் தலைமுறை தன் உழைப்பால் ஒரு பள்ளியையே எழுப்பியது. நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு பெரிதன்று. இரவு உணவு வேளையில் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் தமிழில் பேசுவோம். மொழி நிலையத்திற்குச் செல்லும் பிள்ளையிடம் அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்வோம். நம் முன்னோருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் அதனால் தீரும்.