கண்மாய்த் தூணும் கடல் மிதவையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணும் கண்மாய்ப் பாசனமுமே இதன் அடையாளங்கள். கடலில் மிதந்து கலங்களுக்கு வழிகாட்டும் குறிகளின் வரலாறு இம்மண்ணுக்குத் தொடர்பற்றது எனத் தோன்றக்கூடும். ஆயினும் திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு மன்னார் வளைகுடாவை நோக்கியே செல்கிறது. 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையும் பாம்பனும் ஒரே ஆட்சிப் பரப்புக்குள் இருந்தன. 1985இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே அவை வெவ்வேறாயின. இவ்வுறவினும் ஆழமான உறவொன்று உண்டு. நீரின் அடியில் மறைந்திருப்பதை நீரின் மேலே காட்டும் குறி, இரண்டு நிலத்தார்க்கும் இன்றியமையாததாயிற்று என்பதே அது.

நீருக்குள் நிற்கும் சாட்சி

பாண்டிய நாட்டுப் பழங்கண்மாய்கள் பலவற்றில், கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிமிர்ந்து நிற்கக் காணலாம். அவை குமிழித் தூம்பின் தூண்கள். அவற்றின் அடியில் துளையுடைய கல்தொட்டியும், அங்கிருந்து கரையின் கீழாக வயலுக்குச் செல்லும் நீர்வழியும் உள்ளன. கண்மாய் நிறைந்துவிட்டால் தூம்பு கண்ணுக்குப் புலப்படாது. தூண்களை நோக்கி நீந்திச் சென்று, அவற்றினிடையே மூழ்கித் துளையின் அடைப்பை நீக்குதல் வேண்டும்.

கலுங்கில் வரிசையாக நடப்பெற்ற கற்களும் அத்தகையனவே. அவற்றினிடையே எவ்வளவு உயரத்திற்கு மண் அடைக்கலாம் என்பதைப் பொறுத்தே கண்மாயில் நீர் தேங்கும் அளவு அமையும். அளவு மீறி உயர்த்தினால் மேலே உள்ளவர் நிலம் மூழ்கும். தாழ்த்தினால் கீழே உள்ளவர் பயிர் வாடும். ஆகவே கலுங்குக் கல் வெறுங்கல் அன்று. இரண்டு ஊரார் செய்துகொண்ட உடன்பாடு.

கடல்துறையில் பழங்குறிகள்

உயர்ந்த மாடத்தில் எரிந்து கலங்களைக் கரைக்கு அழைத்த விளக்கினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லாட்சியைச் சிலப்பதிகாரத்திலேயே காண்கிறோம். எனினும் விளக்கு துறை இருக்கும் இடத்தைக் கூறுமேயன்றி, துறைக்குச் செல்லும் வழியில் பாறை எங்கே, மணல்திட்டு எங்கே என்று கூறாது. அப்பணியை முற்காலத்தில் மனிதரே செய்தனர். மேலைக் கடற்கரையின் பரிகச்சத் துறையில் அரசனின் மீனவர்கள் படகுகளில் எதிர்சென்று, கலங்களை ஆழமுள்ள வழியே அழைத்து வந்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல் விவரிக்கிறது.

இராமநாதபுரச் சீமையில் அத்தகைய இடர்மிக்க வழி பாம்பன் கால்வாய். பாறைகளுக்கிடையே அமைந்த அக்குறுகிய வழியை 1822இல் ஆய்ந்தவருள் ஒருவர் ஆர்தர் காட்டன். பிற்காலத்தில் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிப் புகழ் பெற்ற பாசனப் பொறியாளரே அவர். வயலுக்கு நீர் காட்டியவர் முன்னர்க் கலத்துக்கு வழி தேடினார் என்பது நினைக்கத்தக்கது.

வண்ணத்தால் வந்த குழப்பம்

மிதவைகள் பெருகியபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. ஒரு நாட்டில் செந்நிறம் வலப்பக்கத்தைக் குறித்தது. மற்றொரு நாட்டில் அதுவே இடப்பக்கத்தைக் குறித்தது. 1889இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு வலத்திற்குச் செந்நிறக் கூம்பையும் இடத்திற்குக் கறுப்பு உருளையையும் பரிந்துரைத்தது. 1936இல் ஜெனீவாவில் உருவான உடன்பாடோ செந்நிறத்தை இடத்திற்கு ஆக்கிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டதால் அதுவும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1970களில் உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் இருந்தன.

இக்குழப்பத்தின் விலையை 1971இல் டோவர் நீரிணை காட்டிற்று. சனவரி 11இல் டெக்சாகோ கரீபியன் என்னும் எண்ணெய்க் கப்பல் மோதலுக்கு உள்ளாகி மூழ்கியது. மறுநாள் அதன் சிதைவில் மோதிப் பிராண்டன்பர்க் மூழ்கியது. அவ்விடத்தில் குறிகள் இடப்பெற்ற பின்னரும் பிப்ரவரி 27இல் நிக்கி என்னும் கப்பல் அங்கேயே மூழ்கியது. மூன்று கப்பல்களிலுமாக 51 உயிர்கள் பறிபோயின. குறி இருந்தால் மட்டும் போதாது. அது காண்பார் அனைவருக்கும் ஒரே பொருள் தருதல் வேண்டும் என்னும் பாடம் அன்று உறுதிப்பட்டது.

ஒரே மொழி

1957இல் தோன்றிய பன்னாட்டுக் கலங்கரை விளக்கச் சங்கம் முயன்று, 1980 நவம்பரில் டோக்கியோவில் பொதுமுறை ஒன்றை ஏற்கச் செய்தது. ஆயினும் நிறப்பூசல் முற்றிலும் தீரவில்லை. உலகம் இரு வட்டாரங்களாயிற்று. இந்தியா முதல் வட்டாரத்தைச் சார்ந்தது. கடலிலிருந்து துறைக்குள் நுழையும் கலத்திற்கு இடப்பக்கம் செந்நிறம், வலப்பக்கம் பச்சை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றில் இது தலைகீழாகும்.

திசைக் குறிகளின் அமைப்பு நயமுடையது. கறுப்பும் மஞ்சளுமான மிதவையின் உச்சியில் இரண்டு கூம்புகள் இருக்கும். இரண்டும் மேல்நோக்கின் வடக்கு, கீழ்நோக்கின் தெற்கு. அடிகள் கூடின் கிழக்கு, முனைகள் கூடின் மேற்கு. வடக்குக் குறி கண்டால் அதன் வடபால் செல்லுதல் வேண்டும். இரவில் கடிகார முகமே இலக்கணம். கிழக்கிற்கு மூன்று ஒளிச்சிமிட்டல், தெற்கிற்கு ஆறும் ஒரு நெடும் ஒளியும், மேற்கிற்கு ஒன்பது. வடக்கிற்கோ இடைவிடாச் சிமிட்டல்.

2002 டிசம்பரில் டிரைகலர் என்னும் கப்பல் மூழ்கிய இடத்திலும் வேறு கப்பல்கள் மோதவே, புதிய சிதைவுகளைக் காட்ட நீலமும் மஞ்சளும் கொண்ட மிதவை 2006இல் வந்தது. நம் நாட்டில் 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்திற்கு மாற்றாக, 2021இல் கடல்வழிகாட்டு உதவிகளுக்கான புதுச் சட்டம் இயற்றப்பெற்றது.

குறியைக் காத்தல்

கடலில் ஒரு மிதவை சங்கிலி அறுந்து இடம்பெயர்ந்தால், அது இல்லாததினும் கொடிது. நம்பி வருவோரைப் பாறைக்கே அழைத்துச் செல்லும். ஆகவே மிதவையை இடுவதோடு பணி முடிவதில்லை. அதன் சங்கிலியையும் விளக்கையும் இருப்பிடத்தையும் தொடர்ந்து சரிபார்த்தல் வேண்டும். வறண்ட நிலத்திற்கும் இது பொருந்தும். வண்டல் மூடிய தூம்பும், பெயர்க்கப்பட்ட கலுங்குக் கல்லும் ஊரின் உடன்பாடு சிதைந்தமையைக் காட்டுவன. முன்னோர் நீருக்குள் நட்டுச் சென்ற தூணின் பொருளைப் படித்தறிவார் இல்லையேல், நிறைந்த கண்மாயும் வயலுக்கு உதவாது. தூர் வாரும்போது அத்தூண்களையும் இனங்கண்டு காத்தல் இன்றைய தலைமுறையின் கடமையாகும்.