பட்டனை அழுத்தினால் உயரும் வேன் கூரை: எப்படி இயங்குகிறது? பாதியில் நின்றால் என்ன செய்வது?

கேம்பர் வேனில் ஊர் சுற்றும் வீடியோக்களில் இந்தக் காட்சி தவறாமல் வரும். பட்டனை அழுத்தியதும் வேனின் கூரை மெல்ல மேலே எழும்பும், பக்கவாட்டில் டென்ட் துணி விரியும், மாடியில் ஒரு படுக்கை ரெடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் களக்காடு, பணகுடி மாதிரி காற்று பிய்த்துக்கொண்டு போகிற பக்கம் வேனை நிறுத்துபவருக்கு, கூரை ஏறுவதைவிட நேரத்துக்கு இறங்குமா என்பதுதான் கவலை.

தூக்குவது எது?

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஹைட்ராலிக். டிப்பர் லாரி தொட்டியைத் தூக்குவது போல, 12 வோல்ட் மோட்டார் ஒரு பம்பைச் சுற்றும், எண்ணெய் அழுத்தம் இரண்டு சிலிண்டர்களைத் தள்ளும். 2003-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா வேனில் இந்த வகைதான். இன்னொன்று திருகு முறை. மோட்டார் ஒரு நீண்ட திருகைச் சுற்ற, கம்பி நீளும். கரன்ட் நின்றாலும் இந்தத் திருகு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஹைட்ராலிக்கில் அந்த வேலையை ஒரு வால்வு செய்கிறது.

பட்டன் என்ன செய்கிறது?

பட்டன் நேராக மோட்டாரை ஓட்டுவதில்லை. கன்ட்ரோல் பெட்டியிடம் அனுமதி கேட்கிறது, அவ்வளவுதான். வண்டி நிற்கிறதா, சாவி போட்டிருக்கிறதா, ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பெட்டி பார்க்கும். மாடலுக்கு மாடல் இந்தப் பட்டியல் மாறும். எல்லாம் சரியாக இருந்தால்தான் ரிலே இணையும். இறக்கும்போது திருகு மோட்டாருக்கு கரன்ட் திசை மாறும்.

கையை எடுத்தால் கூரை நின்றுவிடுவது பழுது அல்ல. யாராவது விரலையோ தலையையோ நீட்டிவிட்டால் உடனே நிறுத்த வேண்டும் என்பதற்காகவே, அழுத்திப் பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். கூரை உச்சிக்கு வந்ததும் லிமிட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். திருகு முறையில் இருபக்க மோட்டாரும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்று சென்சார் எண்ணும். தப்பினால் கூரை கோணலாகிவிடும்.

இறக்கும்போது ஒரு ஜன்னலையோ கதவையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். எல்லாம் மூடியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று துணியை வெளியே தள்ளும். துணி விளிம்பில் மாட்டிக் கிழியும்.

பாதியில் நின்றால்?

திரும்பத் திரும்பப் பட்டனை அழுத்தாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பாருங்கள். அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள்; சார்ஜ் குறைவுதான் காரணம் என்றால் கூரை அசையத் தொடங்கும். முழு சார்ஜில் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். 12-ஐ ஒட்டி வந்துவிட்டால் பாதிக்கு மேல் காலி. பிறகு ஃபியூஸ்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் கையால்தான் இறக்க வேண்டும். ஹைட்ராலிக் வகையில் அவசர வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், கூரை தன் எடையில் இறங்கும். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் துணியை உள்ளே இழுக்க. வால்வு எங்கே, அதைத் திறக்கும் சாவி எங்கே என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், மழையில் தேடுகிற சாமான் இல்லை அது.

காற்று விஷயம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தல், பணகுடி பகுதியில் காற்றாலைகள் நிற்கின்றன. விரித்த கூரை அந்தக் காற்றுக்கு ஒரு பாய்மரம். பெரும்பாலான கூரைகள் முன்பக்கம் உயரும். அந்த வாய் காற்றைப் பார்க்காதபடி நிறுத்துங்கள். பலத்த காற்றில் இறக்கிவிட்டு கீழேயே படுங்கள். தலையணை, செங்கல்தேரி எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இரவு வண்டியைப் போட முடியாது.

நம்ம வேனில் மாட்டலாமா?

ஆம்னி, ஈகோ வைத்திருப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்புதான். ஆனால் கூரையை வெட்டுவது வண்டியின் அமைப்பையே மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இதைக் கட்டுப்படுத்துகிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. ஆர்டிஓவிடம் கேட்காமல் பட்டறையில் வெட்டிவிட்டால் ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ் மூன்றிலும் சிக்கல் வரலாம்.