சோதனைப் பட்டை: ஆக்கியோரும் ஆதாயம் பெற்றோரும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பெரிய பொறிகளையே நோக்குகின்றனர். விரலகலங்கூட இல்லாத ஒரு பிளாஸ்திக் துண்டின் வரலாறு எவர் கவனத்துக்கும் வருவதில்லை. மருந்துக் கடைகளில் ‘ஸ்ட்ரிப்’ என வழங்கும் குருதிச் சீனிச் சோதனைப் பட்டையையே குறிப்பிடுகிறோம். ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் இப்பட்டை, மின்னிரசாயன உணரிகளுள் மிகப் பெருவாரியாக விற்பனையாகும் பண்டமாகும். இதனை ஆக்கியோர் யார், இதனால் பொருள் சேர்த்தோர் யார், இதற்கு விலை கொடுப்போர் யார் என ஆராயுமிடத்து மூவரும் வெவ்வேறு தரப்பினராயிருக்கக் காண்கிறோம்.

இதன் மூலம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருக்கிறது. குருதியிற் கரைந்துள்ள ஒட்சிசனை அளக்க மின்வாய் ஒன்றை அமைத்த அமெரிக்கரான லீலண்ட் கிளார்க், 1962ல் சாம்ப் லயன்சுடன் சேர்ந்து இருதய சத்திரசிகிச்சை பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டார். அம்மின்வாயின்மீது குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் நொதியத்தைப் படலமாக அமைத்தால் சீனியையும் அளக்கலாம் என்பது அதிற் கூறப்பட்டது. அந்நொதியம் குளுக்கோசுடன் தாக்கமுறும்போது ஒட்சிசன் செலவாகும். செலவான அளவிலிருந்து சீனியின் அளவு தெரியவரும். 1975ல் ஓகையோ மாநிலத்து யெலோ ஸ்பிறிங்ஸ் கம்பனி இத்தத்துவத்தில் ஒரு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆனால் அஃது ஆய்வுகூட மேசைக்குரியது, நோயாளியின் கைக்குரியதன்று.

நோயாளியின் கைக்கு அளவைக் கருவி செல்லலாமா என்பதே அன்று ஒரு வினாவாக இருந்தது. 1960களில் ஏம்ஸ் கம்பனி விற்ற பட்டையில் குருதித் துளியை இட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, நீராற் கழுவி, நிறத்தை ஒப்பிட வேண்டியிருந்தது. அந்நிறத்தை வாசிக்கும் பொறி தோன்றியபோது அது வைத்தியர்களுக்கே விற்கப்பட்டது. சிறுவயது முதல் நீரிழிவுடன் வாழ்ந்த றிச்சர்ட் பேர்ண்ஸ்ரைன் என்னும் பொறியியலாளர், வைத்தியரான தம் மனைவியின் பெயரில் 1969ல் அதனைப் பெற்றுத் தம் குருதியைத் தாமே சோதிக்கலானார். தம் சொல்லுக்கு மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை என்று கண்டு, பின்னர் வைத்தியக் கல்வியும் பயின்றார். தன் உடலின் கணக்கை நோயாளி தானே வைத்துக்கொள்ளும் உரிமை, உற்பத்தியாளர் உவந்தளித்ததன்று.

பொறியைக் கைக்கடக்கமாக்கிய ஆய்வு பெரிதும் பல்கலைக்கழகங்களில் நிகழ்ந்தது. ஒட்சிசனுக்குப் பதிலாக இலத்திரன்களைச் சுமந்து செல்லப் பெரோசீன் என்னும் சேர்வையைப் பயன்படுத்தலாம் என்று 1984ல் கிரான்பீல்ட், ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் காட்டினர். மெடிசென்ஸ் கம்பனி 1987ல் இதனைப் பேனா வடிவக் கருவியாக விற்றது. 1996ல் அக்கம்பனியையே அபொட் விலைக்கு வாங்கிவிட்டது.

இதற்கு ஈராண்டு முன்னர், 1982ல், இங்கிலாந்தின் கொல்வேர்த் ஆய்வுகூடத்தில் நடந்த ஒன்றையே நாம் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். யூனிலீவர் கம்பனியின் குழுமத்தில் சம்பளத்துக்குப் பணிபுரிந்த இயன் ஷாங்க்ஸ், தம் மகளின் விளையாட்டு நுணுக்குக்காட்டிப் பெட்டியிலிருந்த கண்ணாடித் துண்டுகளையும் பிளாஸ்திக் படலத்தையும் கொண்டு முதல் மாதிரியை அமைத்தார். இரு தகடுகளுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளி குருதியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அளந்து ஊற்றவோ கழுவவோ தேவையில்லை. பிற்காலத்துப் பட்டைகளுட் பெரும்பாலானவை இவ்வமைப்பைத் தழுவியவையே.

சட்டப்படி அவ்வாக்கம் தொடக்கத்திலேயே முதலாளியின் உடைமை. குழுமத்தின் ஒரு கிளை மற்றொன்றுக்கு ஆக்கவுரிமையைக் கைமாற்றியபோது குறிக்கப்பட்ட தொகை 100 பவுண். யூனிலீவர் இப்பட்டையைத் தானே உற்பத்தி செய்து விற்க முனையவில்லை. பிறருக்கு அனுமதி வழங்கியும், ஈற்றில் உரிமையை விற்றும் ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் பவுண் ஈட்டியது. இன்சுலினின் ஆக்கவுரிமையை அதனைக் கண்டோர் 1923ல் ஆளுக்கொரு டொலர் பெற்றுத் தொரொன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர் என்பதை இவ்விடத்தில் நினையாமலிருக்க முடியவில்லை. அங்கே கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தனர்; இங்கே எவரும் ஷாங்க்சைக் கேட்கவே இல்லை.

‘தனிச்சிறப்பான நன்மை’ முதலாளிக்குக் கிடைத்திருந்தால் ஆக்கியவருக்கு நியாயமான பங்கு உண்டு என்று 1977ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதன்படி ஷாங்க்ஸ் 2006ல் விண்ணப்பித்தார். கீழ்நிலைத் தீர்ப்புகள் கூறிய நியாயம் விந்தையானது: யூனிலீவரின் மொத்த இலாபத்தோடு ஒப்பிடுகையில் அத்தொகை பெரிதன்றாம்! கம்பனி எவ்வளவு கொழுத்ததோ அவ்வளவுக்குத் தொழிலாளியின் பங்கு சுருங்கும் என்றாகிறது. 2019ல் உயர் நீதிமன்றம் இதனை நிராகரித்து அவருக்கு 20 இலட்சம் பவுண் வழங்கியது. ஆக்கத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை 37 ஆண்டுகள்.

இனி, விலை கொடுப்போரிடம் வருவோம். வாசிக்கும் கருவி மலிவு. ஒரு கம்பனியின் கருவி மற்றொரு கம்பனியின் பட்டையை ஏற்பதில்லை. எனவே கருவியைக் கையிற் கொடுத்துவிட்டால், பட்டைக்கு அந்நோயாளி என்றென்றும் வாடிக்கையாளராகிவிடுகிறார். இஃது எமது ஊகமன்று. லைப்ஸ்கான் கம்பனி தன் கருவிக்குப் பொருந்தும் பட்டையை விற்ற ஷாஸ்ரா கம்பனிமீது அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் பதிவாகியுள்ள செய்தி. லைப்ஸ்கான் தன் கருவிகளுள் 60 வீதத்தை வைத்தியர் முதலியோர் வழியாக இலவசமாகவும், எஞ்சியவற்றை அடக்கவிலைக்குக் குறைவாகவும் வழங்கியது, இலாபம் பட்டையிலேயே. இலவசமாகக் கொடுத்தாலும் கொடுத்த கருவியின்மீது ஆக்கவுரிமை தீர்ந்துவிட்டது, நோயாளி எவருடைய பட்டையையும் இடலாம் என 2013ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குள் சந்தை வேறு திசையில் திரும்பத் தொடங்கியிருந்தது. 2014ல் அபொட் ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொணர்ந்த உணரியை மேற்கையில் ஒட்டிக்கொண்டால் விரலைக் குத்தாமலே 14 நாட்கள் சீனியின் அளவை அறியலாம். அதன்பின் புதியதொன்று வேண்டும். நோயாளியின் வேதனை குறைந்தது உண்மை. பட்டையின் வணிக முறை அப்படியே இருக்கிறது. ஆயினும் விலையை நோயாளியே சுமக்க வேண்டுமென்பது விஞ்ஞானத்தின் விதியன்று. இத்தகைய உணரியை முதலாம் வகை நீரிழிவுள்ள வயதுவந்தோர் யாவருக்கும் அளிக்கலாம் என 2022ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு பரிந்துரைத்தது; அங்கே அதற்கான செலவு தேசிய சுகாதார சேவையைச் சார்ந்தது.