மிச்சத்து வயலில் விளைந்த மயக்கம்



மிச்சம் என்றால் லாவெண்டர் என்பார்கள் இவ்வூர்ப் பழையவர்கள். 1749இல் பொட்டர், மூர் என்ற இருவர் தொடங்கிய மூலிகைத் தொழில், 19ஆம் நூற்றாண்டில் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. (அந்தப் பெயருக்கு 'மீதி' என்றும் ஒரு பொருள் உண்டென்பது எம்மவர்க்கு மட்டுமே தெரிந்த வேடிக்கை.) லாவெண்டரும் பெப்பர்மின்டும் விளைந்த இதே மண்ணில் இன்னொன்றும் பயிரிட்டார்கள். அது அபின் தரும் கசகசாச் செடி. அதன் காய்ந்த காய்கள் மருந்துக் கடைகளுக்குப் போயின. அவித்து வலித்த இடத்துக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். பாகு காய்ச்சி இருமலுக்கும் நித்திரைக்கும் குடித்தார்கள்.

அபின் பெருமளவில் வந்தது துருக்கியிலிருந்துதான். அதை மதுசாரத்தில் கரைத்த 'லோடனம்' என்ற மருந்து பலசரக்குக் கடையிலேயே கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் அழுகிற குழந்தைக்கும் அபின் கலந்த பாணி கொடுத்தார்கள். வைத்தியரிடம் போகக் காசில்லாதவன் பல்வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் துக்கத்துக்கும் நாடியது இந்த ஒரு போத்தலைத்தான். 1868ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் அபின் விற்பனையை மருந்து விற்பனையாளர் கைக்கு மாற்றியது. ஆனால் போத்தலில் அடைத்து விற்ற தனியுரிமை மருந்துகளை விட்டுவிட்டது. ஏன் குடிக்கிறான் என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய இடம் பக்கத்திலேயே இருந்தது. 1841இல் திறந்த சறே மாவட்ட மனநோயாளர் விடுதிதான் இன்று ரூட்டிங்கில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் வைத்தியசாலை. அக்கால விடுதிப் பதிவேடுகளில் நோயின் காரணம் என்ற இடத்தில் 'மிதமிஞ்சிய குடி' என்று எழுதுவது வழமை. குடித்தான், புத்தி பேதலித்தது, அவ்வளவுதான் விளக்கம். மனம் நொந்ததால் குடித்தானா என்று திருப்பிப் பார்த்தவர்கள் குறைவு. எங்கள் வீடுகளிலும் 'அவன் குடிச்சே கெட்டான்' என்ற ஒரே வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது அல்லவா?

கணக்கை மாற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் கிரிஃபித் எட்வேர்ட்ஸ். 1967இல் தென்லண்டனில், மோட்ஸ்லி வைத்தியசாலையோடு இணைந்த உளமருத்துவ நிறுவகத்தில் போதை ஆய்வுப் பிரிவைத் தொடங்கியவர். 1976இல் அவரும் மில்ற்றன் குறோசும் எழுதிய ஒரு கட்டுரை, 'குடிகாரன், நல்லவன்' என்ற இரண்டு பெட்டிகளை உடைத்தது. மதுவில் தங்கியிருத்தல் என்பது ஒரு நோய்க்கூட்டு. அது ஒருவரில் கொஞ்சமாகவும் இன்னொருவரில் கடுமையாகவும் இருக்கும் என்றார்கள். காலையில் கை நடுக்கத்தை நிறுத்த ஒரு வாய், முன்பைவிடக் கூடக் குடித்தால்தான் ஏறும் நிலை, மாதக்கணக்கில் நிறுத்தியவர் மறுபடி தொட்டதும் சில நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்பது. இவை ஒழுக்கக் குறைபாடுகள் அல்ல, நோயின் அடையாளங்கள்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது. மணமான 100 ஆண்கள். பாதிப் பேருக்கு ஓராண்டுச் சிகிச்சை. மறுபாதிக்கு, விரிவான பரிசோதனைக்குப் பின் மனைவியும் கூட இருக்க ஒரே ஒருமுறை அறிவுரை. பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் இரு பகுதியாருக்கும் பெரிய வேறுபாடில்லை. பலர் இதை 'சிகிச்சை வீண்' என்று படித்தார்கள். அது அவசரத் தீர்ப்பு. இரண்டாண்டுத் தொடர் ஆய்வில், கடுமையாகத் தங்கியிருந்தவர்களுக்கு முழுச் சிகிச்சையே கூடுதலாக உதவியதாகத் தெரிந்தது. அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. வலிப்பு வரும், உயிரும் போகலாம். 'இண்டையோட விடு' என்று வீட்டில் சத்தியம் வாங்குவோர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மனத்துக்கும் போதைக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை அல்ல. 1985இல் அமெரிக்க உளமருத்துவர் எட்வேர்ட் கான்ட்சியன், தாங்க முடியாத உணர்வுகளுக்குச் சிலர் தாமே மருந்து தேடிக்கொள்கிறார்கள் என்று எழுதினார். அந்த 'மருந்து' பின்பு மனச்சோர்வைக் கூட்டி, நித்திரையைக் கெடுத்து, மேலும் தேட வைக்கிறது.

எங்கள் ஊரில் இதைக் கண்டு எழுதியவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். வடபகுதியின் கூட்டு மனவடு பற்றி 2007இல் எழுதிய கட்டுரையில், போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் எப்படிக் குலைத்தது என்று காட்டினார். மதுப் பழக்கமும் அந்தக் குலைவின் ஒரு முகம். போர் முடிந்த கையோடு, 2009இல், யாழ் மாவட்டத்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் 22.2 வீதத்தினருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. அப்போதும் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களிடம் அது 41.8 வீதம். கடல் கடந்து வந்தவர்கள் அந்தச் சுமையை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரவில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து, சாமத்தில் தனியே குடிப்பவரிடம் எத்தனை போத்தல் என்று கேட்கிறோம். நித்திரை வருகிறதா, கனவில் என்ன வருகிறது என்று கேட்பதில்லை.

இங்கே நீண்டகாலமாக ஓர் அவலம் இருந்தது. மனநலப் பிரிவு 'முதலில் குடியை விட்டுவிட்டு வா' என்றது. போதைப் பிரிவு 'முதலில் மனத்தைச் சரிசெய்' என்றது. இரண்டு கதவுக்கும் இடையில் அலைந்து களைத்தவர்கள் பலர். 2002இல் சுகாதாரத் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டி, கடும் மனநோயோடு போதைப் பழக்கமும் உள்ளவரைக் கவனிப்பது மனநலச் சேவையின் பொறுப்பு என்றது. 2016இல் 'நைஸ்' நிறுவனம், போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி அப்படிப்பட்டவரை மனநலச் சேவையிலிருந்து விலக்கக்கூடாது என்று எழுத்திலேயே சொன்னது. யாராவது திருப்பி அனுப்பினால் அந்த ஆண்டையும் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். குடும்ப வைத்தியரிடம் போகும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தகப்பனின் குடியைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளையை இருத்தி மொழிபெயர்க்க வைக்கத் தேவையே இல்லை.