சாங்ஜியே

சீன எழுத்தை உறுப்புகளாகப் பிரித்துக் கணினியில் உள்ளிடும் முறை. தைவானில் சூ பாங்-ஃபூ 1976-இல் உருவாக்கியது. பெயர் ஓர் ஆளுடையது. மஞ்சள் பேரரசரின் அவையில் சாங்ஜியே என்றொரு வரலாற்றாசிரியர் இருந்தாராம். அவருக்கு நாலு கண்ணாம். பறவைகளின் கால்தடத்தைப் பார்த்து எழுத்துகளை வகுத்தாராம். அந்தப் பெயரை இந்த முறைக்குச் சூட்டியவர் தளபதி சியாங் வெய்-குவோ, 1978-இல்.

'ஏ' விசையில் ஞாயிறு, 'பி' விசையில் திங்கள். இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ஒளி' என்று பொருள்படும் எழுத்து வந்து நிற்கும். இப்படி 24 அடிப்படை உறுப்புகள்.

இதை வெறும் தட்டச்சு முறை என்பது பாதிதான் சரி. 24-க்கு 24 புள்ளிக் கட்டத்தில் ஓர் எழுத்துக்கு 72 பைட். 10,000 எழுத்துக்கு 7,20,000. அன்றைய சிறு கணினிகளின் நினைவகம் அதற்குப் போதாது. ஆகவே எழுத்துப் படங்களைச் சேமித்து வைக்காமல், உறுப்புகளைச் சேர்த்து அவ்வப்போது உருவாக்கித் திரையில் காட்டும் எழுத்தாக்கியையும் சூ செய்தார். என் பார்வையில் இதுதான் பெரிய சாதனை. 1982-இல் உள்ளீட்டு முறையின் காப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார். தைவான், ஹாங்காங் கணினிகளில் சாங்ஜியே தாராளமாக ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.