இரண்டாவது வாயில்: 1940இன் கிண்டியும் இன்றைய முதலாண்டு மாணவியும்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் முனிர்காவின் சந்துகளில் மெத்தையையும் வாளியையும் சுமந்துகொண்டு அறை தேடும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் டெல்லி ஐஐடி, மறுபக்கம் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும் இந்தப் பழைய கிராமத்தில்தான் ஆய்வு மாணவர்கள் பலரும் குடியிருக்கிறோம். ஜேஎன்யூவிலும் 2018 முதல் பொறியியல் புலம் இயங்கி வருவதால், புதிதாக வரும் பொறியியல் மாணவர்களும் வழி விசாரித்துக்கொண்டு எங்கள் படியேறுகிறார்கள்.

சென்ற வாரம் அப்படி வந்த ஒரு மாணவி தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவள். தேநீர் குடித்து முடித்தபின் தயக்கத்துடன் கேட்டாள்: “அக்கா, கிளப், சொசைட்டின்னு ஏகப்பட்டது இருக்கு. அதெல்லாம் நமக்கானதா? வீட்ல படிப்ப மட்டும் பாருன்னு சொல்றாங்க.”

அவள் கேள்வியில் என்னை நிறுத்தியது ‘நமக்கானதா’ என்ற சொல். சேர்க்கை ஆணை கையில் இருந்தும், வளாகம் தன்னுடையதுதானா என்ற ஐயம் அவளுக்குத் தீரவில்லை. இந்த ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் சென்னையில் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளி. மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியின் நோக்கம், கம்பெனி ஆட்சிக்கு நிலத்தை அளந்து கொடுக்கும் ஆட்களை உருவாக்குவது. 1859இல் அது குடிசார் பொறியியல் கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டி வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. இவ்வளவு நீண்ட காலத்திலும் அக்கல்லூரி பெண்களை எதிர்பார்த்துக் கட்டப்படவில்லை. விடுதியும் பட்டறையும் மட்டுமன்றி, அச்சிட்டு வைத்திருந்த பட்டச் சான்றிதழும்கூட ஆண்பாலிலேயே இருந்தன.

1940இல் அங்கே ஏ. லலிதா சேர்ந்தார். 1919இல் பிறந்தவர், பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் நான்கு மாதக் கைக்குழந்தையுடன் கைம்மை. அதன்பின் இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். மருத்துவம் அன்று பெண்களுக்குத் திறந்திருந்தது. ஆயினும், குழந்தையை வளர்க்க வேண்டிய தமக்கு வேளை பார்க்காமல் உழைக்கவேண்டிய அத்தொழில் ஒத்துவராது என்று எண்ணிப் பொறியியலைத் தேர்ந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமும் இசைந்தார். வாயில் திறந்தது.

லலிதாவைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில் ‘தடையை உடைத்த வீராங்கனை’ என்று முடிந்துவிடுகின்றன. அதற்குப் பின் நடந்ததே நம் கேள்விக்கு நெருக்கமானது. நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒரே பெண்ணாகப் படித்த லலிதாவுக்கு வகுப்பறை பெரிய சிக்கலாக இருக்கவில்லை. சக மாணவர்கள் தம்மிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததாகக் குடும்பத்தார் கூறியுள்ளனர். வகுப்பு முடிந்த பிறகான மாலைப்பொழுதே அவருக்குச் சிக்கலாயிற்று. தனக்கென ஒதுக்கப்பட்ட விடுதி இடத்தில் அவர் தனித்திருந்தார். பாடக் குறிப்பைச் சரிபார்க்கவோ பட்டறை வேலையைப் பற்றிக் கேட்கவோ வெறுமனே சிரித்துப் பேசவோ அங்கே ஆள் இல்லை.

இதற்குத் தந்தையும் கல்லூரியும் கண்ட தீர்வு எளியது. பெண்களுக்கும் கிண்டியில் இடம் உண்டு என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த ஆண்டு பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவர் குடிசார் பொறியியலில் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியால் படிப்புக்காலம் குறைக்கப்பட்டதால் மூவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் படிப்பை முடித்தார்கள். சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதவேண்டியிருந்தது. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே. லலிதாவோ ஜமால்பூர் இரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்று, சிம்லாவில் அரசு நிறுவனமொன்றில் பணியாற்றி, பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்தொடர்களை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்தொடர் வேலையிலும் அவருக்குப் பங்குண்டு. 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் பன்னாட்டு மாநாட்டில் கலந்துகொண்டார்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரு கல்வி நிறுவனத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. முதலாவது சேர்க்கை; அதை ஆணையாலும் சட்டத்தாலும் திறக்கலாம். இரண்டாவது உறுப்பினராதல். அது விடுதி மேசையிலும் பட்டறையிலும் மன்றக் கூட்டத்திலும் மாலைநேரப் பேச்சிலும் இருக்கிறது. லலிதாவின் தனிமைக்கு மருந்தாக ‘துணிவாக இரு’ என்று அவரிடம் யாரும் உபதேசித்ததாகத் தெரியவில்லை. அவருக்குத் துணை சேர்த்தார்கள். பங்கேற்பு என்பது தனிமனிதத் துணிச்சலின் விளைவு என்று நாம் கருதுவது பெரும்பாலும் பிழை. யாரோ ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்யவேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். லலிதாவுக்குத் தந்தை பேராசிரியர். முதல்வரின் அறைக்கதவைத் தட்டும் உரிமை அவருக்கு இருந்தது. சிம்லாவில் தங்குவதற்கும் உறவினர் வீடு இருந்தது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். இன்னும் சொன்னால், என் வாதத்தின் மையமே அதுதான். வாய்ப்பு என்பது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் மட்டுமன்று. அந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். லலிதாவுக்கு அந்த ஒருவர் வீட்டிலேயே இருந்தார். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாத மாணவருக்கு அந்த இடத்தை யார் நிரப்புவது?

விடுதலைக்குப் பின் இதற்கு விடைதேடும் முயற்சிகள் நடந்தன. 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. கட்டணமும் ஆங்கிலப் புலமையும் கேட்காமல் எவரும் நுழையக்கூடிய மன்றமாக அது சிற்றூர்க் கல்லூரிகளில்கூட வேர்கொண்டது. 1977இல் இதோ பக்கத்தில் உள்ள டெல்லி ஐஐடியில், இயந்திரப் பொறியியல் ஆசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மெக்கே, செவ்விசையைக் கட்டணமின்றி மாணவர்முன் கொண்டுவந்து நிறுத்தியது. 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், புதியவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியைப் பரிந்துரைத்தது.

முதல் வாயிலும் அகன்றிருக்கிறது. 2018 முதல் ஐஐடிகளில் மாணவியருக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. 2021இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடம் அளிக்கும் சட்டத்தை இயற்றியது. இந்த வழியில் உள்ளே வந்தவர்கள் இரண்டாம் வாயிலில் நிற்கிறார்கள் என்பதை வளாகங்கள் உணர்ந்திருக்கின்றனவா?

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் படித்த தமிழ்நாட்டுக் கல்லூரியில் மன்றங்களுக்கான தேர்வு மாலை ஐந்து மணிக்கு நடக்கும். எங்கள் ஊருக்கான கல்லூரிப் பேருந்து நான்கே முக்காலுக்குப் புறப்படும். நேர்காணல் ஆங்கிலத்தில். ‘வராதே’ என்று ஒருவரும் சொல்லவில்லை. வரமுடியாதபடி நேரம் அமைந்திருந்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியர் அக்கா, தன் விடுதி அறையில் என்னைத் தங்கவைத்து இதழ்க் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கே எழுதப் பழகியதன் தொடர்ச்சிதான் பொறியியலிலிருந்து வரலாற்றுக்கு நான் கடந்து வந்த பாதை. அந்த அக்காவுக்கு அது ஓரிரவு உபசாரம். எனக்கு அது இரண்டாம் வாயில்.

ஜேஎன்யூவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சேர்க்கை நாட்களில் மாணவர் அமைப்புகள் உதவி மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். படிவம் நிரப்புவதிலிருந்து தங்க இடம் தேடித்தருவது வரை மூத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தம் அமைப்புக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் அதில் இல்லாமல் இல்லை. இருந்தாலும் முதல்நாளே ‘நீ எங்களில் ஒருத்தி’ என்ற சொல் காதில் விழுகிறதே, அது எளிதில் மறப்பதில்லை.

முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எல்லா மன்றங்களிலும் பெயர் கொடுக்க வேண்டாம். ஒன்றில் சேருங்கள், முதல் பருவம் முழுவதும் அதில் தொடர்ந்து செல்லுங்கள், முடிந்தால் தனியாகப் போகாமல் உங்களைப் போலவே தயங்கும் இன்னொருவரை அழைத்துச் செல்லுங்கள். திரேசியாவும் லீலாம்மாவும் வந்தபின்தான் கிண்டியின் மாலைகள் லலிதாவுக்கு வசப்பட்டன. வீட்டில் சொல்லும் ‘படிப்பை மட்டும் பார்’ என்பதில் அன்பும் அச்சமும் இருக்கின்றன, அதை மதியுங்கள். பட்டறையும் இதழ்க் குழுவும் படிப்பின் பகுதிதான் என்று அவர்களுக்கு விளக்குங்கள்.

ஆசிரியர்களுக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மன்றக் கூட்டத்தின் நேரத்தையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் ஒருமுறை அருகருகே எழுதிப் பாருங்கள். அறிவிப்பு எந்த மொழியில் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்றும் பாருங்கள். சான்றிதழில் ஒரு சொல்லை அடித்துத் திருத்தக் கிண்டிக்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக வைக்க நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

அந்த மாணவி நேற்று மாலை மறுபடி வந்தாள். ரோபோ மன்றத்தின் முதல் கூட்டத்துக்குப் போகிறாளாம். பக்கத்து அறை மணிப்பூர்ப் பெண்ணும் உடன் வருகிறாள் என்றாள்.